நாடா காலாவதித் தேதி (ஐபிஎம் ஐ)

நாடா காலாவதித் தேதி: ஏஎஸ்/400 கணினிகளிலும் அவற்றின் வழிவந்த ஐபிஎம் ஐ இயங்குதளத்திலும், காந்த நாடாவில் எடுத்த காப்பு நகலின் மேல் எந்த நாள்வரை எழுதக்கூடாது என்பதைக் குறிக்கும் அமைப்பு. ஏஎஸ்/400 வரிசையை ஐபிஎம் 1988இல் அறிமுகப்படுத்தியது.

நிரல்கள், கோப்புகள் முதலியவற்றின் தொகுப்பான நூலகத்தைச் சேமிக்கும் 'சேவ்லிப்' போன்ற கட்டளைகளில் 'எக்ஸ்ப்டேட்' அளவுருவில் இத்தேதி தரப்படுகிறது. எதுவும் தராவிட்டால் 'பெர்ம்', அதாவது நிரந்தரப் பாதுகாப்பு, என்று கொள்ளப்படும். தரச் சிட்டைகள் கொண்ட நாடாவில், ஒவ்வொரு கோப்பின் தலைப்புச் சிட்டையிலும் தேதி பதிவாகிறது.

தேதி கடக்காத கோப்பு 'செயலில் உள்ளது' எனப்படும். அதன்மேல் எழுத முயன்றால் கணினி இயக்குநரிடம் செய்தி அனுப்பி, விடை வரும்வரை வேலையை நிறுத்திவைக்கும். ஆளில்லாத இரவுநேரக் காப்பு நகலெடுப்பு பாதியில் நிற்க இது ஒரு பொதுவான காரணம். சேமிப்புக் கட்டளையின் 'கிளியர்' அளவுருவில் 'ஆல்' என்று கொடுத்தாலோ, நாடாவைத் தயார்செய்யும் 'இன்ஸ்டேப்' கட்டளையில் 'செக்' அளவுருவுக்கு 'நோ' என்று கொடுத்தாலோ இச்சோதனை தவிர்க்கப்படும். அப்போது தவறான நாடா செருகப்பட்டிருந்தால் தேவையான தரவும் அழியும்.

நாடாக்கள் பெருகிய நிறுவனங்களில் காப்பு நகல்களையும் நாடாக்களையும் நிர்வகிக்கும் பிஆர்எம்எஸ் மென்பொருள் காலாவதித் தேதிகளைக் கவனிக்கும் பொறுப்பை ஏற்கிறது. குறிப்பிட்ட தேதி, நாட்களின் எண்ணிக்கை, நகல் பதிப்புகளின் எண்ணிக்கை, நிரந்தரம் ஆகியவற்றுள் ஒன்றை ஊடகக் கொள்கையில் வகுக்கலாம். அன்றாடப் பராமரிப்பு வேலை கெடு முடிந்த நாடாக்களை மறுபயன்பாட்டுக்கு விடுவிக்கும்.

காலாவதி என்பது அழிப்பு அன்று. மேலெழுதும்வரை பழைய தரவு நாடாவிலேயே இருக்கும்.