கரும்புச் சக்கையும் மின்சாரமும்: மொறிசியசின் சக்தி மாற்றம் குறித்துச் சில வரலாற்றுக் குறிப்புகள்

சிறிய தீவு நாடுகளின் சக்தி மாற்றத்தைப் பற்றிப் பேசுவோர் மொறிசியசை முன்மாதிரியாகக் காட்டுவது வழக்கம். எண்ணெயோ நிலக்கரியோ இல்லாத அத்தீவு தன் கரும்பாலைச் சக்கையை எரித்து மின்சாரம் பெறுகின்றது என்பர். இக்கூற்று பொய்யன்று. ஆயினும் சக்கை எவருடையது, கொதிகலன் எவருடையது என்னும் வினாக்களை எழுப்பாத வரலாறு அரைகுறை வரலாறேயாகும்.

பிழியப்படும் கரும்பின் நிறையில் ஏறத்தாழ 30 வீதம் சக்கையாக வெளியேறும். அதனை எரித்து நீராவியாக்கி ஆலையை இயக்குதல் பழைய முறை. மத்திய மின்சார சபை 1952 இல் தோன்றியது. 1957 இல் சென் அன்ருவான் ஆலை தன் தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்தைப் பொது வலையமைப்புக்கு விற்றது. ஆண்டு முழுவதும் மின்சாரம் வழங்கும் நிலையம் 1982 இல் யூனியன் பிளாக்கில் அமைந்தது. 2000 இல் பெல் வியூவில் 70 மெகாவாற்று நிலையம் எழுந்தது.

இவ்விரு இடப்பெயர்களும் நமது கவனத்துக்குரியன. 1937 ஓகஸ்டில், தாம் பயிரிட்ட ஊபா இனக் கரும்புக்கு ஆலைகள் விலையைக் குறைத்ததை எதிர்த்துச் சிறு பயிர்ச்செய்கையாளரும் தொழிலாளரும் கிளர்ந்தபோது, யூனியன் பிளாக்கில் அவர்கள்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அத்தோட்டத்தின் உடைமையாளர் இந்திய வம்சாவளியினரே. இனப் பாசம் வர்க்க நலனுக்கு முன் எவ்வளவு தூரம் நின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. யுத்தகால விலையேற்றத்தினிடையே கூலி உயர்வு கேட்ட பெல் வியூ ஹரெல் தோட்டத் தொழிலாளர்மீது 1943 செப்டெம்பர் 27 ஆம் நாள் பொலிசார் சுட்டனர். இறந்தோருள் ஒருத்தி அஞ்சலை கூப்பன். தமிழ் வழியினள், கருவுற்றிருந்தவள். கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி பாடியது பிஜித் தீவை நினைந்து. 1834 முதலாக ஏறத்தாழ நாலரை இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்றிறங்கிய மொறிசியசுக்கு நமது இலக்கியத்தில் அத்தகைய இடம் கிட்டவில்லை.

அஞ்சலை வீழ்ந்த தோட்டத்தின் பெயரையே அம்மின் நிலையம் தாங்கி நிற்கின்றது. அங்கு சக்கை எரிவது அறுவடைக் காலத்தில், அதாவது ஏறத்தாழ யூன் முதல் டிசெம்பர் வரையே. எஞ்சிய மாதங்களுக்கென அதே கொதிகலன்கள் இறக்குமதி நிலக்கரியை எரிக்குமாறு அமைக்கப்பட்டன. 2010களின் நடுவில் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 வீதம் நிலக்கரியிலிருந்தே கிடைத்தது. சக்கையின் பங்கு அதன் பாதியைக்கூட எட்டவில்லை. சக்கை நிலக்கரியை வெளியேற்றவில்லை. அதற்கு வாயிலைத் திறந்துவிட்டது எனலே பொருந்தும்.

மூலதனம் ஏன் இவ்வழியை நாடிற்று? சலுகை விலையில் சீனி வாங்கிவந்த ஐரோப்பிய ஒன்றியம் அவ்விலையை 36 வீதத்தாற் குறைக்கத் தீர்மானித்தது. சீனி உடன்படிக்கையும் 2009 இல் முடிவுற்றது. விடுதலை பெற்ற 1968 ஆம் ஆண்டளவில் இருபதுக்கு மேற்பட்டிருந்த ஆலைகள் மூன்றாகச் சுருங்கின. தொழிலாளர் ஆயிரக்கணக்கில் ‘சுயவிருப்ப ஓய்வு’ பெற்றனர். இத்தொடரிலுள்ள விருப்பம் எவருடையது என்பது வேறு கேள்வி. கம்பனிகளோ ஒம்னிகேன், அல்ரியோ, ரெறா எனப் புதுப்பெயர் பூண்டு மின்சார விற்பனையாளராயின. உற்பத்திப் பொருள் மாறிற்று, நிலவுடைமை மாறவில்லை.

1994 இல் நிறுவப்பட்ட சீனி முதலீட்டு நம்பிக்கை நிதியம் தொழிலாளருக்கும் சிறு பயிர்ச்செய்கையாளருக்கும் பங்குகளை வழங்கியதை நாம் மறுக்கவில்லை. எனினும் மின் நிலையங்களில் அந்நிதியத்தின் பங்கு சிறுபான்மையே. சிறு பயிர்ச்செய்கையாளரின் சக்கைக்கு நெடுங்காலம் சொற்ப விலையே கிடைத்தது. அதனை அரசு குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது 2021 இலேதான். நிலக்கரியை 2030 இற்குள் முற்றாகக் கைவிடுவதாக அறிவித்ததும் அவ்வாண்டிலேயே. உயர்த்தப்பட்ட அவ்விலை கரும்பு பயிரிடுவோர்க்குரியது. நிலமின்றிக் கரும்பு வெட்டுவோர்க்கு அதில் உரித்தில்லை.