எக்ஸ்க்ரூஷியேட்டிங்

தாங்க முடியாத கடும் வலியைக் குறிக்கும் ஆங்கில உரிச்சொல். லத்தீனில் ‘க்ரூக்ஸ்’ என்றால் சிலுவை. அதிலிருந்து ‘வதைத்தல்’ என்னும் பொருளுள்ள வினை பிறந்தது. ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு அதற்கு அழுத்தம் கூட்டுகிறது. அடிமைகளையும் கலகக்காரர்களையும் ரோமானியர் சிலுவையில் அறைந்த கொடுமை இச்சொல்லுக்குள் உறைந்திருக்கிறது. ‘முக்கியமான’ எனப் பொருள்படும் ‘க்ரூஷியல்’ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான்.

சிறுநீரகக் கல் நகரும்போது எழுவது இந்த வலி. நாம் ‘உயிர் போகிற வலி’ என்போம். சாதாரணத் தலைவலிக்கு இச்சொல் பொருந்தாது. ஆனால், முடிவே இல்லாத மேடைப்பேச்சுக்கும் தர்மசங்கடமான மௌனத்துக்கும் ஆங்கிலத்தில் இதைச் சொல்வதுண்டு. நம் ‘சித்திரவதை’யும் அப்படித்தானே: தண்டனைக்கும் அதே சொல், அறுவையான படத்துக்கும் அதே சொல்!