ஊரவையும் வலையவையும்

மக்கள் கூடும் இடத்தைக் குறிக்க மன்றம், பொதியில், அம்பலம், அவை எனத் தமிழிற் சொற்கள் பல உள. சங்க நூல்கள் காட்டும் மன்றம், மரநிழலில் ஊரார்க்குப் பொதுவாய் அமைந்த இடமாகும். இன்று முகங்காணாதோரும் கூடிப் பேசும் புதியதோர் அவையை இணையம் அமைத்துத் தந்துள்ளது. 1993ஆம் ஆண்டிலேயே ஹோவர்டு ரைங்கோல்டு என்னும் அமெரிக்க எழுத்தாளர் இதனை ‘மெய்நிகர் சமூகம்’ எனத் தம் நூலுக்குத் தலைப்பாக்கினார். 2004இல் ஃபேஸ்புக் தோன்றியபின் இவ்வவை நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. இதனைச் சமூகம் எனக் கொள்ளல் பொருந்துமா? வரலாற்றின் துணைகொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

முதற் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஊரவையின் நடைமுறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பெற்றது. குடவோலை முறையில் தேர்ந்தோருள் சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் அமைந்தனர். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்தனர். ஏரி நீர் அனைவர்க்கும் உரியது. ஆதலின் அதனைக் காத்தவர் ஊர்க்கு விடைசொல்லக் கடமைப்பட்டனர். பிற்காலத்து மொய்யேட்டிலும் இக்கடமையுணர்வே நிலவுகின்றது. பெற்ற மொய்யைக் குறித்துவைத்து, கொடுத்தவர் இல்லத்து விழாவில் திருப்பிச் செய்தல் இன்றும் நம் ஊர்களில் உள்ள வழக்கம்.

எனினும் பழைமையைப் போற்றுவதோடு நின்றுவிடல் ஆய்வுக்கு அழகன்று. உத்திரமேரூர்ச் சபை அந்தணர்தம் சபை. கால்வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையும், மறையறிவும் உடையாரே அதற்கு உரியர். அவ்வேரி நீர் பாய்ந்த வயலில் உழைத்தோர்க்கு அவ்வவையில் இடமில்லை. ஊரின் அணைப்பு எத்துணை உண்மையோ, அதன் அடைத்த கதவும் அத்துணை உண்மை. ஊர் மன்றில் வாய்திறக்கவியலாத பலர்க்கு வலையவை ஒரு திண்ணை தந்தது. இந்நன்மையைச் சிறிதென எண்ணலாகாது.

ஆயின் அங்கே நுழைவது எளிது போலவே, நீங்குவதும் எளிது. பெயர் மறைத்துப் பிறரை இழித்துரைத்தவர் மறுநாள் வேறு பெயரில் வருகின்றார். நூறு விருப்பக்குறி இட்டவர்க்கும் நம் இல்லத்துத் துயரில் வந்து நிற்கும் கடப்பாடு இல்லை. கதவு திறந்தது, கணக்கு மறைந்தது.

இரண்டும் ஒருங்கே அமைதல் இயலாததன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ அதற்குச் சான்று. பல நாடுகளில் வாழும் தமிழர் ஊதியங் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் ஏற்றினர். ஒருவரையொருவர் நேரிற் காணாமலே பணியாற்றியோர் அவருட் பலர். தட்டச்சிட்டவர், பிழைதிருத்தியவர் பெயர்கள் நூலின் முகப்பிலேயே குறிக்கப்பெறுகின்றன. செய்த பணிக்குப் பெயரிட்டுப் பொறுப்பேற்கும் அம்முறை, உத்திரமேரூரார் வேண்டிய கணக்கன்றி வேறென்ன? வாரியத்தார்க்கு ஏரி, இவர்க்கு நூல்.

ஆகவே, ஓரிடத்தில் வாழ்தல் ஒன்றே சமூகத்தை ஆக்கிவிடாது. பொதுவான ஒன்றைக் காக்கும் பணியும் அதற்கு விடைசொல்லும் பொறுப்புமே அதனை ஆக்குகின்றன. பத்தாண்டு நிறைவெய்தும் நம் வட்டத்துக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். கவிதை படித்துக் கைதட்டிப் பிரிவதோடு நம் கடமை முடிவதில்லை. இதுகாறும் யார் குரல் நம் அவையில் ஒலிக்கவில்லை என்பதையும், வருகை நின்றுபோன உறுப்பினரை நம்முள் யார் சென்று கண்டோம் என்பதையும் இவ்விழா நாளில் எண்ணிப்பார்த்தல் நன்று.