கணக்குக் கேட்கும் உரிமை

கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தைத் தூய பவுலடியார் ஒரு குடும்பச் சொத்தைப் பற்றிய உவமையோடு தொடங்குகிறார். தந்தையின் உடைமை அனைத்துக்கும் உரியவனான மகன் சிறுவனாய் இருக்கும்வரை அடிமையைப் போலவே வாழ்கிறான். தந்தை குறித்த நாள் வரும்வரை காப்பாளர்க்கும் மேற்பார்வையாளர்க்கும் அவன் கட்டுப்பட்டவன் என்கிறார். பவுலடியார் சொல்லவந்தது நம் மீட்பைப் பற்றி. ஆயினும் அவர் கேளாது விட்ட கேள்வி ஒன்று அவ்வுவமைக்குள் கிடக்கிறது. குறித்த நாள் வந்தபின்னும் மேற்பார்வையாளன் சொத்தைக் கொடாது போனால், அந்த மகன் யாரிடம் சென்று முறையிடுவான்?

உரோமையர் இச்சிக்கலை அறிந்திருந்தனர். சட்டப்படி வாரிசாக முடியாத ஒருவருக்குச் சொத்தைச் சேர்க்க விரும்பியவர், தம் நண்பரை வாரிசாக எழுதிவைத்து, ‘இதை இன்னாரிடம் ஒப்படைத்துவிடும்’ என்று வேண்டிக்கொள்வார். வேண்டுகோளுக்குச் சட்டவலிமை கிடையாது. நண்பர் நல்லவராயின் ஒப்படைப்பார், அல்லாராயின் விழுங்கிவிடுவார். இவ்வேண்டுகோள்களைச் சில வழக்குகளில் அதிகாரிகளைக் கொண்டு நிறைவேற்றுவிக்க முதலில் முன்வந்தவர் பேரரசர் அகுஸ்து. நம் ஆண்டவர் பிறந்தபோது குடிக்கணக்கு எடுக்கச் சொன்னதாக லூக்கா குறிப்பிடும் அதே அகுஸ்துதான்!

ஆனால் இன்று நாம் ‘டிரஸ்ட்’ என்று வழங்கும் ஏற்பாடு இடைக்கால இங்கிலாந்தில் உருவானது. அங்கே நிலம் மூத்த மகனுக்கே சேரும். நிலத்தை உயிலால் பிறருக்கு எழுதிவைக்கவும் பொதுவாக இயலாது. பெண்மக்களுக்கும் இளைய மகன்களுக்கும் ஏதேனும் செய்ய விரும்பிய தந்தை, உயிரோடிருக்கும்போதே தம் நிலத்தை நம்பிக்கைக்குரிய சிலர் பெயருக்கு மாற்றிவிடுவார். பெயர் அவர்களுடையது, பயன் பிள்ளைகளுடையது. இலத்தீனில் ‘அத் ஓபுஸ்’, அதாவது ‘இன்னாருக்காக’ என்ற சொற்றொடரிலிருந்தே இதற்கு ‘யூஸ்’ என்னும் பெயர் பிறந்தது.

இவ்வழக்கம் பரவியதில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸின் மக்களுக்கும் பங்குண்டு. 1224-இல் அவர்கள் இங்கிலாந்தில் கால்வைத்தார்கள். எதையும் சொந்தமாக்கிக்கொள்ளக் கூடாது என்பது அவர்களது ஒழுங்கு. தலைசாய்க்க ஒரு கூரையோ வேண்டும். இலண்டன் வணிகர் ஒருவர் நிலம் வாங்கி, நகர மக்கள் சமூகத்தின் பெயரில் வைத்து, துறவிகள் அதில் குடியிருக்க வகைசெய்தார். ஏழ்மை வார்த்தைப்பாடு சொத்துரிமைச் சட்டத்துக்கு ஒரு புதுவழி காட்டியது வியப்புக்குரியதே.

ஒரு பெரிய குறை இருந்தது. பெயர் கொடுத்தவர் வஞ்சித்தால் அரசரின் வழக்கமான நீதிமன்றங்கள் கைவிரித்துவிடும். நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதொன்றே அவற்றின் கண்ணுக்குத் தெரிந்தது. கைவிடப்பட்டவர்கள் அரசரிடம் மனுக் கொடுத்தார்கள். மனுக்கள் அரசரின் சான்சலரிடம் சென்றன. அக்காலத்துச் சான்சலர்கள் பெரும்பாலும் ஆயர்கள். திருச்சபைச் சட்டமும் ஒப்புரவு அருட்சாதன நெறியும் கற்றவர்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரை வரவழைத்து, ஆணையிட்டு உண்மை கூறச்செய்து, அவர்கள் சொன்னதன் சாரம் இது: நிலம் உம்முடையதே, ஆனால் உம் மனச்சாட்சி அந்தப் பிள்ளைக்குக் கடன்பட்டிருக்கிறது. கடனைச் செலுத்த மறுத்தவர் சிறைக்குப் போனார். பிறர் பொருளைக் கவர்ந்தவன் அதைத் திருப்பிக் கொடுக்காமல் பாவமன்னிப்புக் கேட்பது வீண் என்று நாம் ஞானோபதேசத்தில் கற்றதும் இதுவே அல்லவா?

எட்டாம் என்றிக்கு இம்முறை பிடிக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிய கவலை அவருக்கு இல்லை. நிலம் வாரிசுக்கு மாறும்போது அரசருக்குச் சேரவேண்டிய வருவாய் இம்முறையால் நழுவிப்போயிற்று. 1536-இல் சட்டம் இயற்றி அதை முடக்கப் பார்த்தார். மடங்களை மூடியதற்கு எதிராக அதே ஆண்டு வட இங்கிலாந்தில் எழுந்த ‘அருளின் திருப்பயணம்’ என்னும் கிளர்ச்சியின் கோரிக்கைகளுள் இச்சட்டத்தை நீக்கவேண்டும் என்பதும் ஒன்று. மறைக்காகக் கிளர்ந்தெழுந்தவர்கள் மகளின் பங்கையும் மறக்கவில்லை. 1540-இல் அரசர் ஓரளவு இறங்கிவந்து, நிலத்தை உயிலால் எழுதிவைக்க இசைந்தார். சட்டத்தின் பிடியிலிருந்து தப்பிய ஏற்பாடுகளே பிற்காலத்தில் டிரஸ்ட் ஆயின.

பயனாளிக்கு நீதிமன்றம் இல்லாவிட்டால் என்னவாகும் என்பதை அந்நாட்டுக் கத்தோலிக்கர் பின்னர்த் தம் வாழ்விலேயே கண்டனர். 1700-இல் வந்த சட்டம், மறையை மறுக்கும் உறுதிமொழி எடுக்காத கத்தோலிக்கர் நிலத்தை மரபுரிமையாகப் பெறுவதையும் விலைக்கு வாங்குவதையும் தடுத்தது. அவர்களுக்காகப் பிறர் வைத்திருப்பதும் செல்லாது என்றது. அப்படியும் சிலர் புரோட்டஸ்டண்டு நண்பர்களின் பெயரில் நிலத்தை மறைவாக ஒப்படைத்தார்கள். நண்பர் ஏமாற்றினால் வழக்காடக்கூட வழியில்லை. 1778-இல் அத்தடைகள் தளர்த்தப்படும்வரை நண்பரின் மனச்சாட்சியே அவர்களது பத்திரமாயிருந்தது.

சான்சலர் நீதிமன்றத்திலோ நெறி இறுகிக்கொண்டே வந்தது. 1726-இல் தீர்ப்பான வழக்கொன்று இன்றும் சட்டக்கல்லூரிகளில் பாடமாயிருக்கிறது. இலண்டனுக்கு அருகே ரோம்ஃபோர்டு சந்தையின் வருமானக் குத்தகை ஒரு சிறுவனுக்காகப் பொறுப்பாளர் ஒருவரிடம் இருந்தது. தவணை முடிந்தபோது, சிறுவனுக்குப் புதுப்பித்துத்தர உரிமையாளர் மறுத்தார். பொறுப்பாளர் தம் பெயரிலேயே குத்தகையை எடுத்துக்கொண்டார். வஞ்சகம் ஏதும் மெய்ப்பிக்கப்படவில்லை; எப்படியும் சிறுவனுக்கு அது கிடைத்திராது. இருந்தும் சான்சலர் கிங் பிரபு, உலகில் வேறு எவர் எடுத்தாலும் எடுக்கலாம், இவர்மட்டும் எடுக்கக்கூடாது என்று தீர்த்து, குத்தகையையும் இலாபத்தையும் சிறுவனுக்கே ஒப்படைக்கச் செய்தார். கடுமையான தீர்ப்புத்தான். பொறுப்பாளர் சற்றே நெளிந்துகொடுக்க இடம் வைத்தால் எந்தச் சிறுவனின் குத்தகையும் புதுப்பிக்கப்படாது என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

இந்நெறிகளே 1882-ஆம் ஆண்டின் இந்திய டிரஸ்ட் சட்டமாக நம் நாட்டுக்கு வந்தன. கோவில் சொத்துக்கும் அறநிலையங்களுக்கும் இச்சட்டம் பொருந்தாது; தனிக்குடும்ப டிரஸ்டுகளுக்கே உரியது. பொறுப்பாளர் தெளிவான கணக்கு வைத்திருக்கவேண்டும், பயனாளி கேட்கும்போது விவரம் தரவேண்டும் என்கிறது 19-ஆம் பிரிவு. டிரஸ்ட் பத்திரத்தையும் சொத்தின் மூலப்பத்திரங்களையும் கணக்கையும் இரசீதுகளையும் பயனாளி பார்வையிட்டுப் படியெடுத்துக்கொள்ளலாம் என்கிறது 57-ஆம் பிரிவு. டிரஸ்ட் சொத்தைத் தம் ஆதாயத்துக்குப் பயன்படுத்தப் பொறுப்பாளருக்கு உரிமையில்லை. நிலமோ வீடோ ஆனால் ஒன்று முக்கியம்: பதிவுசெய்த பத்திரத்தாலோ உயிலாலோ டிரஸ்ட் ஏற்பட்டிருக்கவேண்டும். மரணப்படுக்கையில் தம்பியின் கையைப் பிடித்துச் சொன்ன சொல், நீதிமன்றத்தில் பெரும்பாலும் நிற்காது.

பங்குக் குடும்பங்களின் சொத்துத் தகராறுகளில் நான் மீண்டும் மீண்டும் காண்பது ஒன்றுண்டு. கணவனை இழந்த பெண்ணோ, தந்தையை இழந்த பிள்ளையோ, “பெரியப்பாவிடம் கணக்குக் கேட்டால் நம்பவில்லை என்று வருத்தப்படுவாரே, சாமி” என்பார்கள். கேட்டவர் நன்றியற்றவர் ஆகிவிடுகிறார். கொடாதவர் மானமுள்ள பெரியவராகவே நீடிக்கிறார். இந்த வருத்தத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. நேர்மையான பெரியப்பாவுக்குக் கணக்குப் புத்தகமே துணை. அவர் காலமானபின் அவருடைய பிள்ளைகள்மீது பழி விழாமல் காப்பதும் அதுவே.

டிரஸ்ட் பத்திரம் இல்லாமல், பங்கு பிரிக்காத சொத்தை ஒருவரே கவனித்துவரும் வீடுகள் நம்மிடையே அதிகம். அவர்களையும் சட்டம் முழுக்க விட்டுவிடவில்லை. கூட்டுரிமையாளர் ஒருவர் தம் நிலையைப் பயன்படுத்தி மற்றவர் உரிமைக்கு ஊறாக அடைந்த ஆதாயத்தை எல்லாருக்குமாகவே வைத்திருக்கவேண்டும் என்று அச்சட்டத்தின் 90-ஆம் பிரிவு கூறுகிறது. முறையான டிரஸ்டாயின் இன்னும் ஒரு படி மேலே. ஏனைய வழக்குகளுக்கெல்லாம் காலவரையறை வைத்த 1963-ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த நோக்கத்துக்காகத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட சொத்தை மீட்கவோ அதற்குக் கணக்குக் கேட்கவோ பொறுப்பாளர்மீது தொடரும் வழக்குக்கு எந்தக் காலவரையறையும் வைக்கவில்லை. அவர் இறந்துபோனாலும் அவருடைய சட்டப் பிரதிநிதிகளிடம் அக்கணக்கைக் கேட்கலாம்.