ரசமும் வராத கடிதங்களும்

லஸ் சர்ச் ரோடு வழியா எத்தனை தடவை போயிருப்பேன்னு கணக்கே இல்லை. பொறந்து வளர்ந்ததே மயிலாப்பூர்தானே. அந்த ரோட்டில் ஒரு வீட்டில் கணிதமேதை ராமானுஜன் 1919-ல் கொஞ்ச நாள் இருந்தார் என்பது, பொட்டி தட்டப் போன ஃபிராங்ஃபர்ட்டில், தூக்கம் வராத ஒரு ராத்திரி அவரோட வாழ்க்கை வரலாறைப் படிச்சப்போதான் தெரிஞ்சது. அவர் கணக்கெல்லாம் எனக்கெங்கே புரியப்போகுது! சமையல்தான் புரிஞ்சது :-)

1914 மார்ச் 17. துறைமுகத்தில் மாசம் 30 ரூபாய் சம்பளத்துக்கு குமாஸ்தாவா இருந்தவர், நெவாசா கப்பலில் கிளம்புகிறார். குடுமியை எடுத்தாச்சு. அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டாம்னு அம்மா கோமளத்தம்மாளையும் மனைவி ஜானகியையும் முன்னாடியே கும்பகோணத்துக்கு ரயிலேத்திட்டார்.

கேம்பிரிட்ஜில் ஊர் ஏக்கத்தை அவர் சமாளிச்ச வழி, தானே சமைச்சுச் சாப்பிடுறது. டிரினிட்டி கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் கூடத்துக்குப் போக மாட்டார். சுத்த சைவமாச்சே. 1914 ஆகஸ்டில் இங்கிலாந்து போரில் இறங்கினதும் காய்கறிக்கும் திண்டாட்டம். ராத்திரி குளிர் வேற. கம்பளியெல்லாம் மெத்தைக்கு அடியில் செருகி இருக்கும்; அதைப் பிரிச்சு உள்ளே நுழையணும்னு தெரியாம, மேலேயே கோட்டும் சால்வையும் போட்டுப் படுத்திருக்கார். சொல்லிக் கொடுத்தவர் பிற்காலத்தில் புள்ளியியலில் பெரிய ஆளான மகலனோபிஸ்.

ஒருநாள் நண்பர் சாட்டர்ஜியையும் இரண்டு பெண்களையும் சாப்பிடக் கூப்பிட்டார். ரசம் பரிமாறினார். இன்னொரு தடவையும் ஊற்றினார். மூணாவது தடவை அந்தப் பெண்கள் போதும்னுட்டாங்க. அவ்வளவுதான், ஆளைக் காணோம்! சில நாள் கழிச்சு ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஐந்து பவுண்ட் கேட்டுத் தந்தி வருது. சிரிச்சுக்கிட்டே படிச்சவன் அங்கே நிறுத்திட்டேன். அது வெறும் ரசம் இல்லையே. அவர்கிட்ட மிச்சம் இருந்த ஊரே அதுதானே.

இதைவிடக் கொடுமை, ஜானகி எழுதின கடிதங்களை மாமியார் போகவிடலை. இவர் எழுதினதும் அவர் கைக்குச் சேரலை. 1917-ல் நோய். 1918 தொடக்கத்தில் லண்டன் பாதாள ரயில் தண்டவாளத்தில் விழுந்தார். ரயில் சில அடி தள்ளி நின்றதால் உயிர் தப்பினார். அதே வருஷம்தான் ராயல் சொசைட்டி கௌரவமும் வந்தது.

1919-ல் பம்பாயில் இறங்கியபோது அம்மா வந்திருந்தார். அவர் கேட்ட கேள்வி, ஜானகி எங்கே என்பதுதான். அப்புறம் லஸ் சர்ச் ரோட்டு வீட்டில்தான் ஜானகி வந்து சேர்ந்தார். நீ கூட வந்திருந்தால் எனக்கு உடம்புக்கு வந்திருக்காதுன்னு அவர் சொன்னதை ஜானகி பிற்காலத்தில் சொல்லியிருக்கார். 1920 ஏப்ரல் 26, சேத்துப்பட்டில் காலமானார். வயசு 32.

நிற்க. நானும் தினம் தனியா சமைச்சு, ஆபீஸில் மத்தவங்க கூப்பிட்டாலும் போகாம, டிஃபன் பாக்ஸோட ஒரு மூலையில் உட்கார்ந்தவன்தான். ஆனா என் விஷயத்தில் கடிதத்தை மறிச்ச மாமியார் யாரும் இல்லை. நானேதான். குரல் உடைஞ்சுடுமோன்னு பயந்து அம்மா போனை எடுக்காம ஒரு வாரம் ஓட்டியிருந்தேன்.

புத்தகத்தை மூடினப்போ மணி ராத்திரி ரெண்டு. மயிலாப்பூரில் காலை ஆறரை, கோலம் போட்டு முடிச்சிருப்பாங்க. போன் பண்ணினேன்.

"என்னடா கண்ணா, இன்னும் தூங்கலையா?"

"தூக்கம் வரலைம்மா. ஊர் ஞாபகமா இருக்கு."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பெருங்காயம் தீர்ந்துடுச்சா?"ன்னாங்க.

மறுநாள் மதியம் டிஃபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு எல்லாரோடயும் போய் உட்கார்ந்தேன். ரசத்தை ஒருத்தர் ருசி பார்த்தார். ரெண்டாவது தடவை வேண்டாம்னுட்டார். நான் எங்கேயும் ஓடலை :-)