வெண்பூசணிச் சூப்பும் எடைக்குறைப்பும்: கொரிய மருத்துவ வரலாற்றில் ஒரு காலப்பிழை

இன்றைய கொரிய மொழியில் 'டயட்' என்னும் ஆங்கிலக் கடன்சொல் பெரும்பாலும் எடைக்குறைப்பையே சுட்டுகிறது. உடற்பயிற்சியால் மெலிவதையும் அதே சொல்லால் குறிப்பர். உணவு என்னும் பொருள் அதில் மங்கிவிட்டது. இச்சொல்லின் வழியாகப் பழைய மருத்துவ நூல்களை வாசிப்பவர், அவற்றில் இல்லாத ஒரு நோக்கத்தை ஏற்றிவிடுகிறார்.

1460இல் அரசவை மருத்துவர் ஜொன் சுனுய் தொகுத்த 'சிக்ரியோ சான்யோ', நோய்களுக்கு உணவையே மருந்தாக வகுத்தது. 1596இல், ஜப்பானியப் படையெடுப்பின் நடுவே, மன்னர் சொன்ஜோ புதியதொரு மருத்துவத் தொகுப்புக்கு ஆணையிட்டார். ஹோ ஜுன் 1610இல் முடித்த அந்த 'தோங்குய் போகாம்' 1613இல் 25 தொகுதிகளாக அச்சேறியது. செம்மைச் சீனத்தில் எழுதப்பட்ட நூலெனினும், மருந்துப் பொருள்கள் பலவற்றின் நாட்டு வழக்குப் பெயர்கள் ஹங்குல் எழுத்தில் தரப்பட்டன. போரால் நலிந்த மக்கள் தம் மண்ணில் விளைவதை அடையாளம் காண இது உதவியது.

அந்நூலில் மெலிவுக்கான உணவும் உண்டு. உடல் மெலிந்து இலகுவாக விரும்புவோர் வெண்பூசணியைச் சூப்பாக்கி நெடுநாள் உண்ணலாம். பருக்க விரும்புவோர் அதைத் தவிர்க்க வேண்டும். ஒரே குறிப்பில் இரு விருப்பங்களும் இடம்பெறுவது கவனிக்கத்தக்கது. மெலிவு அங்கே அனைவர்க்கும் பொதுவான இலட்சியமன்று.

1894இல் லீ ஜெமா மனிதரை நான்கு உடல்வாகுகளாகப் பகுத்தார். அவற்றுள் 'தேஉம்' வகையினர் கல்லீரல் வலுத்தும் நுரையீரல் நலிந்தும் இருப்பர் என்றார். அவர்களுக்கான 'தேஉம் ஜோவிதாங்' என்னும் கஷாயத்தின் பெயரில் உள்ள 'ஜோவி' இரைப்பையைச் சீராக்குதலைக் குறிக்கும். பெயரில் எடை இல்லை. ஆனால் இன்று அது உடற்பருமனுக்கே பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. அதில் கஷ்கொட்டையோடு எபெட்ரா மூலிகையும் சேர்கிறது. எபெட்ராவிலுள்ள எபெட்ரின் இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தும். அது கலந்த உணவுச் சேர்க்கைகளை அமெரிக்கா 2004இல் தடைசெய்தது.

உடல்வாகுக் கோட்பாட்டின் மருத்துவ மெய்ம்மை தனி ஆய்வுக்குரியது. வரலாறு காட்டுவது இதுதான்: 'யார் உண்கிறார், எதற்காக உண்கிறார்' என்ற வினாவே மரபின் தொடக்கப்புள்ளி. அவ்வினாவை நீக்கிவிட்டு, விரைவில் மெலியச் செய்யும் கஷாயத்திற்கு மட்டும் 'தொன்மை' என்று முத்திரையிடுவது மரபைக் காப்பதாகாது. மரபின் பெயரால் உட்கொள்பவரின் இதயம் அதற்கு விலை கொடுக்க நேரலாம். நெடுநாள் உண்ட அந்தப் பூசணிச் சூப்பின் பொறுமையும் மரபுதான்; அதை ஏனோ எவரும் விளம்பரப்படுத்துவதில்லை.