சாம்பல் நிறத்தின் வழக்கு: லெகோ கட்டைகள் பெரியவர்களின் கைக்கு வந்த வரலாறு

2004ஆம் ஆண்டையொட்டி டென்மார்க்கின் பில்லுன்டிலிருந்து வந்த லெகோ பெட்டிகளில் சாம்பல் நிறம் மாறியிருந்தது. வெளிர் சாம்பல், அடர் சாம்பல், பழுப்பு ஆகிய மூன்று நிறங்களையும் நிறுவனம் மாற்றியமைத்திருந்தது. பழைய சாம்பலில் லேசாக மஞ்சள் கலந்திருக்கும். புதியதில் நீலம் ஓடும். ஒரு கட்டையைத் தனியே எடுத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. ஆனால் பழைய கட்டைகளால் எழுப்பிய கோட்டைச் சுவரின் நடுவில் புதிய கட்டை ஒன்றை வைத்தால், காரை பெயர்ந்த சுவரில் நேற்றுப் பூசிய சிமெண்ட்போல அது கண்ணில் குத்தும். இருபது ஆண்டுகளாகக் கட்டைகளைச் சேர்த்துவைத்திருந்தவர்களுக்கு இது நம்பிக்கைத் துரோகமாகவே பட்டது. கண்டனங்கள் குவிந்தன. ரசிகர்களைக் கேட்காமல் செய்தது பிழை என்பதை நிறுவனம் உணர்ந்தது. அடிப்படை நிறங்களை இனித் தொடுவதில்லை என்றும் உறுதி கூறியது.

பொம்மைக் கட்டையின் நிறத்துக்காக வழக்காடியவர்கள் குழந்தைகள் அல்லர். சம்பளம் வாங்குகிற, குடும்பம் நடத்துகிற பெரியவர்கள். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பெரியவர்களைப் புதிய சந்தையாகக் கண்டுபிடித்து, அவர்களுக்கென்று விலையுயர்ந்த தொகுப்புகளை நிறுவனம் விற்கத் தொடங்கியது என்பது இன்று வழக்கமாகச் சொல்லப்படும் கதை. சான்றுகளைக் காலவரிசையில் அடுக்கினால் கதை தலைகீழாகிறது. பெரியவர்கள் முதலில் வந்தார்கள். தங்களுக்கான கருவிகள், கடைவீதி, கூடுமிடம் அனைத்தையும் தாங்களே கட்டினார்கள். நிறுவனம் வெகு தாமதமாக, அதுவும் தன் நெருக்கடியின் உச்சத்தில்தான் அவர்கள் பக்கம் திரும்பியது.

எட்டு மில்லிமீட்டர்

தொடக்கக் கதை பலரும் அறிந்தது. ஓலே கிர்க் கிறிஸ்டியன்சென் என்னும் தச்சர் 1932இல் பில்லுன்டில் மரப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934இல் லெகோ என்று பெயரிட்டார். 1949இல் வந்த முதல் பிளாஸ்டிக் கட்டைகள் முழுக்க அவருடைய கற்பனை அல்ல. ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் ‘கிட்டிகிராஃப்ட்’ என்ற பெயரில் செய்த கட்டைகளைப் பார்த்துச் செய்தவை. அக்கட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்தன. ஆனால் இறுகப் பிடிக்கவில்லை.

பிடிப்பு வந்தது 1958இல். அவ்வாண்டு ஜனவரி 28 அன்று ஓலேயின் மகன் காட்ஃப்ரெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கட்டையின் மேலே குமிழ்கள் முன்பே இருந்தன. அதன் வெற்று வயிற்றுக்குள் குழாய்களைச் சேர்த்ததுதான் புதுமை. கீழ்க்கட்டையின் குமிழ் மேல்கட்டையின் சுவருக்கும் குழாய்க்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. குழந்தையின் விரலால் பிரித்துவிடலாம், தானாகக் கழன்றுவிடாது. அந்த ஆண்டின் கட்டை இன்றைய கட்டையோடும் பொருந்துகிறது.

நம் ஆய்வுக்கு ஆணிவேர் இந்தப் பொருத்தம்தான். பெரும்பாலான பொம்மைகள் குழந்தை வளர்ந்ததும் காலாவதியாகின்றன. லெகோ கட்டை ஆவதில்லை. எட்டு வயதில் வாங்கியது நாற்பது வயதில் வாங்கியதோடு சேர்ந்து ஒரே சுவராகிறது. சேர்த்துவைப்பதற்கு இங்கே ஒரு பொருள் இருக்கிறது. சேமிப்பு ஒருபோதும் வீணாவதில்லை. நிறம் மாறியபோது எழுந்த கோபத்தையும் இதைக்கொண்டே விளங்கிக்கொள்ள வேண்டும். எழுதாமல் எழுதப்பட்டிருந்த ஓர் ஒப்பந்தம் அங்கே மீறப்பட்டது.

பெரியவர்களுக்கும் கட்டைக்கும் உள்ள உறவு நிறுவனத்தின் வீட்டுக்குள்ளேயே தொடங்கியது என்பது பலர் கவனிக்காத செய்தி. காட்ஃப்ரெட் தன் வீட்டுக்கு லெகோ கட்டைகளால் மாதிரி கட்டிப் பார்த்தார். கணக்கு உதைத்தது. ஒற்றைக் குமிழ்க் கட்டையின் அகலம் 8 மில்லிமீட்டர், உயரம் 9.6 மில்லிமீட்டர். ஐந்துக்கு ஆறு என்னும் இந்த விகிதம் வீட்டு வரைபடத்தோடு ஒத்துப்போகாது. அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் 5 மில்லிமீட்டர் கொண்ட கனசதுரத்தை அலகாக வைத்துக் கட்டடக் கலைஞர்களுக்கென்றே வேறொரு கட்டை பிறந்தது. அதை விற்க 1963இல் ‘மோடுலெக்ஸ்’ என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. மங்கலான நிறங்கள், சிறிய கட்டைகள், தொழில்முறைப் பயன்பாடு. அது பழைய கட்டையோடு பொருந்தவில்லை. பெரியவர்களுக்குத் தனிப் பொருள் வேண்டும் என்று நினைத்ததே அந்த முயற்சியின் பிழை என்று எனக்குப் படுகிறது. அவர்களுக்கு வேண்டியிருந்தது குழந்தைகள் கையில் இருந்த அதே கட்டை.

‘இருண்ட காலம்’

1978 முக்கியமான ஆண்டு. கை கால் அசையும் சிறு மனித உருவங்கள் அவ்வாண்டு வந்தன. நகரம், கோட்டை, விண்வெளி என்று கருப்பொருள்கள் பிரிந்தன. கட்டைகளுக்கு ஓர் உலகம் கிடைத்தது. அதில் வளர்ந்த குழந்தைகள்தாம் பின்னாளில் பெரியவர்களாகத் திரும்பி வந்த முதல் பெருங்கூட்டம். அந்தக் கணக்கு 1990களின் நடுப்பகுதியில் துல்லியமாக வந்து நிற்கிறது: அப்போது அவர்களுக்கு இருபதுக்கு மேல் வயது, கையில் முதல் சம்பளம்.

பதின்ம வயதில் கட்டைகளைக் கைவிட்டு மீண்டும் எடுக்கும்வரை உள்ள இடைவெளியை ரசிகர்கள் ‘இருண்ட காலம்’ என்கிறார்கள். தமிழ் வாசகருக்கு இச்சொல் களப்பிரரை நினைவூட்டாமல் இராது. சான்று குறைவாகக் கிடைத்ததால் ஒரு காலத்தை இருண்டது என்று எழுதிவைத்தார்கள். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தப் பெயரே பொருந்துமா என்று கேட்டார்கள். அதே கேள்வியை இங்கும் கேட்கலாம். அந்த ஆண்டுகளில் கட்டைகள் பரணில் பெட்டிக்குள் இருந்தன. பலரும் அவற்றை யாருக்கும் கொடுத்துவிடவில்லை. கைவிட்டதற்குக் காரணம் சலிப்பைவிடக் கூச்சமாகத்தான் பெரும்பாலும் இருந்திருக்கும். பெரிய பையன் பொம்மையோடு விளையாடுகிறான் என்ற ஒரு சொல் போதும். எனவே ஆர்வம் செத்துப் பிழைத்தது என்பதைவிட, மறைந்திருந்து வெளிவந்தது என்பதே சரி.

வெளிவரத் துணிவு தந்தது இணையம். தன்னைப்போல் இன்னொருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும் கூச்சம் விலகியது. 1995இல் ஜேம்ஸ் ஜெஸிமன் என்ற ஆஸ்திரேலியர் கணினித் திரையிலேயே கட்டைகளை அடுக்கிப் பார்க்கும் ‘எல்ட்ரா’ என்ற மென்பொருளை எழுதினார். ஒவ்வொரு கட்டையையும் அளந்து கோப்பாக்கி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வைத்தார். 1997இல் அவர் காலமானார். ரசிகர்கள் அந்தப் பணியை விடாமல் வளர்த்து இன்றுவரை நடத்துகிறார்கள். 1998இல் ‘லக்நெட்’ என்ற உலகளாவிய கூடுமிடம் உருவானது. 2000இல் டேனியல் யெசெக் தொடங்கிய சந்தை விரைவில் ‘பிரிக்லிங்க்’ என்று பெயர்பெற்றது. நிறுவனம் பெட்டியாக மட்டுமே விற்றதை, வேண்டிய நிறத்தில் வேண்டிய எண்ணிக்கையில் உதிரியாக வாங்க அது வழிசெய்தது. அதே ஆண்டில் வாஷிங்டன் அருகே ‘பிரிக்ஃபெஸ்ட்’ என்ற கூடுகை நடந்தது.

இவற்றில் பிரிக்லிங்க்கையே திருப்புமுனையாகக் கருதுகிறேன். உதிரிக் கட்டை கிடைத்ததும் சேகரிப்பாளர் கட்டுநர் ஆனார். தீவிர ரசிகர் ஒருவரின் அறையை அச்சுக்கூடத்தோடு ஒப்பிடலாம். ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் அறை கொண்ட மரப்பெட்டி இருக்கும். கோப்பவரின் விரல் பார்க்காமலே ‘க’வுக்கும் ‘கா’வுக்கும் போகும். இங்கும் அப்படித்தான். முதலில் நிறவாரியாகப் பிரிக்கிறார்கள். சிவப்புக் குவியலுக்குள் ஒரு சிறிய சிவப்புத் துண்டைத் தேடும்போது கண் தோற்றுவிடுகிறது. அதன்பின் வடிவவாரியாக மாற்றுகிறார்கள். நிறத்தைக் கண் எளிதில் பிரித்துவிடும், வடிவத்தைப் பிரிக்கத்தான் பெட்டி வேண்டும் என்பது அனுபவத்தில் கிடைக்கும் அறிவு. அறிவுரைத் தாளைப் பார்க்காமல் தாமே வடிவமைத்துக் கட்டுவதை ‘சொந்தப் படைப்பு’ என்கிறார்கள். இந்தச் சமூகத்தில் ஒருவருக்கு மதிப்பு தருவது அதுதான். எத்தனை பெட்டி வைத்திருக்கிறார் என்பது அல்ல.

தாமதமாகத் திறந்த கதவு

இவ்வளவும் நடந்தபோது நிறுவனம் தன்னைக் குழந்தைகளுக்கான நிறுவனமாகவே கண்டது. 1998இல் வந்த ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ ரோபோ தொகுப்பு முதல் சோதனை. ஸ்டான்ஃபோர்ட் மாணவர் ஒருவர் அதன் மூளைக் கட்டையைப் பிரித்து ஆராய்ந்து உள்விவரங்களை வெளியிட்டார். வழக்குத் தொடுப்பதா, விட்டுவிடுவதா என்று நிறுவனம் யோசித்தது. கடைசியில் மென்பொருளை மாற்றிக்கொள்ளும் உரிமையை உரிமத்திலேயே எழுதிக்கொடுத்தது. 2000இல் ஸ்டார் வார்ஸ் விண்கலங்களைப் பெரிய அளவில் காட்சிப்பொருளாகக் கட்டும் வரிசை வந்தது. 2002இல் ரசிகர் ஒருவர் வடிவமைத்துத் தாமே விற்றுவந்த கொல்லன் பட்டறையை நிறுவனம் தன் பெட்டியில் வெளியிட்டது.

2003, 2004ஆம் ஆண்டுகளில் லெகோ பெரும் நட்டத்தில் விழுந்தது. கட்டையை விட்டு ஆடை, பூங்கா, கணினி விளையாட்டு என்று நாற்புறமும் கிளை பரப்பியதன் விளைவு. 2004இல் தலைமைப் பொறுப்பேற்ற யார்கன் விக் க்னுட்ஸ்டார்ப் நிறுவனத்தை மீண்டும் கட்டைக்கு இழுத்துவந்தார். அடுத்த ஆண்டு பிரிக்ஃபெஸ்டுக்கே நேரில் போய் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். ரசிகர் குழுக்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே தூதர்களை அமர்த்தும் திட்டமும் 2005இல் தொடங்கியது. சாம்பல் நிற வழக்கும் இந்த மனமாற்றமும் ஒரே காலத்தில் நிகழ்ந்தது தற்செயல் அல்ல என்பது என் கருத்து. கட்டைதான் எல்லாம் என்று நிறுவனத்துக்கு நினைவூட்ட அப்போது உரக்கப் பேசியவர்கள் ரசிகர்களே.

பலன் 2007இல் தெரிந்தது. ‘கஃபே கார்னர்’ என்ற மூன்று மாடித் தெருமுனைக் கட்டடம், 2,056 துண்டுகள். அதை வடிவமைத்த ஜேமி பெரார்ட் ரசிகராக இருந்து நிறுவனத்துக்குள் போனவர். கட்டடத்தின் உள்ளே நாற்காலி மேசை எதுவும் கிடையாது, அழகெல்லாம் முகப்பில்தான். ஆனால் தளங்களைத் தனித்தனியே தூக்கி எடுக்கலாம். பக்கச் சுவரின் துளைகளில் முளை செருகி அடுத்த ஆண்டுக் கட்டடத்தை இணைக்கலாம். தெரு ஆண்டுதோறும் நீளும். 1958இன் வாக்குறுதியைத் தெரு அளவுக்குப் பெரிதாக்கினால் எப்படியிருக்கும் என்பதே அது. 2008இல் சிகாகோக் கட்டடக் கலைஞர் ஆடம் ரீட் டக்கரின் முயற்சியால் கட்டடக்கலை வரிசை தொடங்கியது. அதே ஆண்டு வந்த தாஜ்மகாலில் 5,922 துண்டுகள். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அதுவே துண்டுக் கணக்கில் மிகப் பெரிய தொகுப்பு. ஜப்பானில் 2008இல் முளைத்த வாக்கெடுப்புத் திட்டம் பின்னர் ‘லெகோ ஐடியாஸ்’ ஆனது: 10,000 பேர் ஆதரித்தால் ரசிகரின் வடிவத்தை நிறுவனம் பரிசீலிக்கும்.

2020இல் பெட்டிகள் கறுப்பாயின. மூலையில் 18+ என்ற எண் ஏறியது. பூங்கொத்து, போன்சாய், 9,090 துண்டு டைட்டானிக், 10,001 துண்டு ஈஃபில் கோபுரம் என்று வரிசை விரிந்தது. துண்டு எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லும் இந்தப் போக்கு எனக்கு முழு உடன்பாடல்ல. 11,695 துண்டு உலக வரைபடத்தில் பெரும்பகுதி சிறு வட்டங்களை வரிசையாக ஒட்டும் வேலை. அதில் பொறுமை இருக்கிறது, கட்டுமான அறிவுக்கு இடம் குறைவு. திறக்காத பெட்டிகளை விலையேறும் என்று அடுக்கிவைப்பவர்களும் பெருகியிருக்கிறார்கள். மூடிய பெட்டியில் கட்டை மூச்சுவிடுவதில்லை. பிரிக்லிங்க்கை 2019இல் நிறுவனமே வாங்கிக்கொண்டதும் பலருக்குக் கவலை தந்தது. ரசிகர்கள் வளர்த்த சந்தைக்கும் உற்பத்தியாளருக்கும் நடுவே இருந்த இடைவெளி அத்தோடு போயிற்று.

ஆயினும் 2022இல் வந்த ஒரு தொகுப்பு இந்த வரலாறு முழுவதையும் தனக்குள் வைத்திருக்கிறது. 1979இல் ‘கேலக்ஸி எக்ஸ்ப்ளோரர்’ என்ற நீலமும் சாம்பலும் கலந்த விண்கலம் வந்தது. மஞ்சள் கண்ணாடி, உள்ளே ஒரு சிறு ஊர்தி. அந்தத் தலைமுறைக் குழந்தைகள் கனவுகண்ட பெட்டி அது. நிறுவனத்தின் தொண்ணூறாம் ஆண்டுக்கு அதை மீண்டும் வடிவமைத்தவர்கள், பழைய கலத்தை அப்படியே படியெடுக்கவில்லை. ஒன்றரை மடங்கு பெரிதாக்கினார்கள். சிறுவனாக இருந்தபோது அந்தக் கலம் கைக்குள் எவ்வளவு பெரிதாக இருந்ததோ, வளர்ந்த கைக்கும் இப்போது அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது கணக்கு. பெட்டியின் மேல் 18+. கலத்தின் அடிப்பகுதியில் சாம்பல் கட்டைகள், நீலம் ஓடும் அந்தப் புதிய சாம்பல். பரணிலிருந்து எடுத்த 1979இன் கலத்தை இதன் அருகில் வைத்தால் இரண்டு சாம்பலுக்கும் உள்ள வேறுபாடு இன்றும் தெரியும். ஒன்றிலிருந்து ஒரு கட்டையைக் கழற்றி மற்றதில் அழுத்தினால், நாற்பத்து மூன்று ஆண்டு இடைவெளிக்குப் பிறகும், அது சொடுக்கென்று உட்காரும்.